டேப்பை அழித்தவர்

"பண்டமாரான் போகணும் அண்ணே. அங்க ரெங்கசாமின்னு ஒரு டிவி நாடக டைரக்டர் இருக்காராம், தெரியுமா?"

பிரிக்ஃபீல்ட்ஸில் டாக்சியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த அம்மாள் இப்படிக் கேட்டதும் ஓட்டுநருக்குக் கியர் விழவில்லை. எப்படி விழும்? அந்த ரெங்கசாமியே அவர்தான். கழுத்தில் கிடந்த, 'குட்மார்னிங்' என்று அச்சடித்த துண்டை உருவி, முன்னால் தொங்கிய தன் படமும் பேரும் போட்ட லைசென்ஸ் அட்டையின் மேல் மெல்லப் போட்டார்.

"நீங்க யாருக்கா?"

"டிவி டைரக்டருங்க சங்கத்திலேருந்து வரேன். அவர் எடுத்த டேப் விஷயமா நேர்ல பார்க்கணும்."

டேப் என்றதும் ரெங்கசாமிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போச்சு, பிடித்துவிட்டார்கள்!

பல வருஷத்துக்கு முந்தைய கதை அது. இதே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அந்தக் காலத்தில் டேப் யானை விலை. ஒளிபரப்பி முடித்த நாடகத்தை அழித்துவிட்டு, அதே டேப்பில் அடுத்த நாடகத்தை எடுப்பார்கள். தன் முதல் நாடகம் எடுக்க வந்த ரெங்கசாமி, அவசரத்தில் அலமாரியின் தப்பான தட்டில் கைவைத்துவிட்டார். அவர் அழித்தது இன்னும் ஒளிபரப்பாகாத புத்தம்புது நாடகம். அதுவும் பெரிய டைரக்டர் மார்க்கிரட் எடுத்தது. அதே டேப்பில் தன் ரொட்டிக்காரர் நாடகத்தை எடுத்து முடித்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

மறுநாள் வாசலிலேயே காவலாளி மறித்து, "மார்க்கிரட் மேடம் உன்னைத் தேடிக்கிட்டு ஸ்டூடியோ பூரா அலையுது லா" என்றார். அவ்வளவுதான், எடுத்தார் ஓட்டம். அந்த மேடத்தின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அப்புறம் லோரி ஓட்டினார், இப்போது டாக்சி. நஷ்டஈடு கேட்டால் இந்த டாக்சியை விற்றாலும் பற்றாது.

"அவரு செத்துட்டாருக்கா," என்று அடித்துவிட்டார்.

"அடப்பாவமே! அப்ப அவர் சம்சாரத்தையாவது பார்க்கணுமே. வீட்டைக் காட்டுங்க."

"சம்சாரமா? அவரு... கல்யாணமே கட்டலைக்கா." வீட்டில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருக்கும் லெட்சுமியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ, அவர் பங்கு வீணாப் போயிடுமே! மறு ஒளிபரப்புக்கு ராயல்டி வந்திருக்கு அண்ணே. எந்த நாடகத்தை எத்தனை தடவை திரும்பப் போட்டாங்களோ, அதுக்குத் தக்கபடி டைரக்டருங்களுக்குள்ள பிரிச்சுக்கிறோம். ரொட்டிக்காரர் நாடகத்தைத் தீபாவளிக்குத் தீபாவளி போடறாங்கள்ல? அதனால பெரிய பங்கு அவருக்குத்தான். ஆளு கிடைக்கலைன்னா நாமளே பிரிச்சுக்கலாம்னு மீட்டிங்ல ரெண்டு பேரு சொன்னாங்க. விடமாட்டேன்னு சண்டை போட்டுட்டுக் கிளம்பி வந்தேன்."

ரெங்கசாமிக்குச் சந்தேகம் வலுத்தது. எலிப்பொறியில் கருவாடு வைக்கிறார்களோ? வாயைத் திறக்கவே கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் வண்டியை விரட்டினார். தீபாவளிக்கு ஊரே அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது, களவுப் பொருளை நடுவீட்டில் வைத்துவிட்டார்களே என்று அவர் மட்டும் வெளியே போய் நின்றுகொள்வார்.

"நல்ல நாடகம், பாவம்," என்றார் அந்த அம்மாள். "கடைசியில அந்த மாமியார் அழுதுக்கிட்டே ரொட்டிக்கார மருமகன் கால்ல விழுமே, எனக்கே கண்ணு கலங்கிடும்."

"யாரு அழுதா?" ரெங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "கால்ல விழுந்துச்சா? யாருக்கா சொன்னா உங்ககிட்ட? ரொட்டியைப் பிச்சு மருமகன் வாயில திணிச்சுட்டு, இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சிரிக்கும்! அந்த ஒரு சிரிப்பை வாங்குறதுக்குள்ள எனக்கு உயிரே போயிருச்சு..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கண்ணாடியில் அந்த அம்மாள் சிரிப்பது தெரிந்தது.

"நீங்க துண்டைப் போடறதுக்குள்ளேயே அட்டையில பேரைப் பார்த்துட்டேன், ரெங்கசாமி அண்ணே. எதுக்கு இப்படி அநியாயமாச் செத்தீங்க?"

ஷா ஆலம் தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தினார் ரெங்கசாமி. திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை வருஷம் லெட்சுமியிடம்கூடச் சொல்லாததை அப்படியே கொட்டிவிட்டார்.

"அந்தப் பங்கு எனக்கு வேணாம்கா. மார்க்கிரட் மேடம் எங்க இருந்தாலும் தேடிக் கொடுத்துடுங்க. அவங்க நாடகம் இருந்த டேப்புலதானே என் நாடகம் நிக்குது? நான் அழிக்காம இருந்திருந்தா இன்னைக்கு ஊரே அவங்க நாடகத்தை இல்ல பார்த்துக்கிட்டிருக்கும்?"

"பார்த்திருக்கும், பார்த்திருக்கும்!" அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதுல கதாநாயகனுக்கு ஒட்டு மீசை சீனுக்கு சீன் கழண்டு விழும். ஒரு சீன்ல காப்பிக்குள்ளேயே விழுந்து, அந்த ஆளு அதை எடுத்து உதறி மறுபடி ஒட்டிக்கிட்டான். தயவுசெஞ்சு போடாதீங்கன்னு அந்த மார்க்கிரட் ஸ்டூடியோ முதலாளிகிட்ட அழாத குறை. வர்ற வெள்ளிக்கிழமை போட்டே தீருவேன்னு அவரு ஒத்தக் கால்ல நின்னாரு. மறுநாள் பார்த்தா டேப்புல மீசையும் இல்ல, ஆளும் இல்ல, ரொட்டிக்காரர் சைக்கிள்ல வர்றாரு!"

ரெங்கசாமி வாயைப் பிளந்தார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியாம? அந்த மார்க்கிரட்டே நான்தான்! அன்னைக்குக் கையில ஒரு டப்பா லட்டோட ஸ்டூடியோ பூரா உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க எங்க ஓடிப் போனீங்க?"