எர்த் குழிக்கு ஒரு சொம்பு

விடிந்தால் அமலிக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் மிஞ்சுமா என்று கேட்டதற்கு டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை. அவள் தாலாட்டு காதில் விழாமல் சின்ன மகள் கண் மூடமாட்டாள். அதைப் பதிந்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி என்று, தம்பி சேவியர் வீட்டுக்குள்ளேயே போட்டிருந்த ஸ்டுடியோவில் வந்து நின்றாள். ஹெட்போனில் வண்டு குடைகிற மாதிரி ஓர் இரைச்சல். சேவியர் ஃபேனை நிறுத்தினான், பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினான், ஒயரை மாற்றிப் பார்த்தான். வண்டு அசையவில்லை.

"கொல்லையில கரண்டுக்கு எர்த் கம்பி பொதைச்ச குழி காஞ்சு கெடக்குக்கா, அதான் இரையுது. ஒரு சொம்பு ஊத்துனா அடங்கும். தண்ணி லாரியும் வரலையே."

வீட்டில் மிச்சமிருந்தது, அவள் தொண்டைக்கென்று ஆற வைத்த ஒரு சொம்பு வெந்நீர் மட்டும்தான். அமலி அந்தச் சொம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள்.

"அக்கா, அது இல்லாம உனக்கு ரெண்டு வரி தாண்டாதே!"

"மொதல்ல மண்ணு குடிக்கட்டும்டா. வாயப் பாத்துக்கிட்டு நிக்காம குழியில போட உப்பை எடுத்துட்டு வா."

குழி சுர்ரென்று உறிஞ்சியது. உள்ளே வந்து ஹெட்போனை மாட்டினால், வண்டு இல்லை. பாடு என்று சேவியர் கையைக் காட்டினான். அமலி வறண்ட எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். காலிச் சொம்பைத் தோளில் சாய்த்து அணைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.