தம்பிராஜாவின் திருமுகம்

மலேசியச் சுதந்திர தினமான மெர்டேக்காவுக்கு முந்தின வாரம். காஜா பேராங் பகுதியில் இருந்த தன் வீட்டு வாசலில் தம்பிராஜா ஒரே ஒரு செருப்போடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“ஒத்தைச் செருப்பைப் போயி திருடியிருக்கானுங்க! இந்த லட்சணத்துல இவனுங்களுக்கு மெர்டேக்கா ஒரு கேடா?”

சங்கத் தலைவர் பதவிக்கான தேர்தலில் அவர் நிற்கிறார். ஜெயிக்க, தெருவெங்கும் தன் முகம் தெரிய வேண்டும். ஆனால் அச்சகத்துக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் தங்கை மகன் கருணாகரனிடம், “வீட்டுல கிடக்கிறத வெச்சு என் முகத்தைச் செதுக்குடா” என்று உத்தரவு போட்டிருந்தார்.

ரப்பரில் செதுக்கிய அச்சோடு கருணாகரன் வந்தான். மை தடவித் தாளில் அழுத்தினான். தாளில் தம்பிராஜா மீசையோடு சிரித்தார்.

“அடடா, என்னா களை! எந்த எஸ்டேட்டு ரப்பருடா? படிச்ச பயலுக்கும் கொஞ்சம் மூளை இருக்குலா!”

அச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தனம், குங்குமம் இட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டார். பிறகு வாசலுக்கு வந்து, மிச்சமிருந்த செருப்பைக் குப்பையில் போட எடுத்தார்.

“அதை எறிஞ்சிடாதீங்க மாமா,” என்றான் கருணாகரன். “அத்தையும் தன் முகத்தைச் செதுக்கச் சொல்லியிருக்காங்க.”