குறுக்குவழிக் கோடு

ஜீப்பின் முகப்பில் புதிதாக வந்து உட்கார்ந்த வழிகாட்டிக் கருவிக்கு ஒரே குஷி. விடிந்தால் மலை ஏறப் போகிறது, அதுவும் தார் ரோடே இல்லாத காட்டு வழியில். அதற்குமுன் ஒரு வரைபடத்தைத் தனக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். வந்து நின்றதோ இரண்டு.

"உச்சிக்கு எப்படிப் போறது?" என்று கேட்டது கருவி.

முதல் படம் ஒற்றைக் கோட்டைக் காட்டியது. "போய்த் திரும்பி வந்தவங்க வழிக்கு மட்டும்தான் நான் கோடு போடுவேன்."

இரண்டாவது படம் சேமியா பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டியதுபோல் கோடுகளைக் கொட்டியது. "ஒரு வண்டி போனாலே போதும், போட்டுடுவேன். இதோ பாரு, உச்சியைப் பார்த்தே போற குறுக்குவழி."

கருவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டாவதை ஏற்றிக்கொண்டு, "அண்ணே, எத்தனை வழி பாத்தீங்களா" என்று ஜீப்பிடம் பீற்றிக்கொண்டது. விடிந்ததும் ஜீப்பும் உறுமிக்கொண்டு கிளம்பியது.

குறுக்குவழி பச்சைப் பசேலென்ற புல்வெளிக்குள் நுழைந்தது. புல்லுக்கு அடியில் முழுக்கச் சேறு. கதவு வரைக்கும் புதைந்த பிறகுதான் ஜீப்பின் சக்கரம் எதன்மீதோ டங்கென்று இடித்து நின்றது.

"அடியில இரும்பு தட்டுதுப்பா" என்றது ஜீப்.

"இந்த வழியா ஏற்கெனவே ஒரு வண்டி போச்சுன்னியே, அது எங்கே?" என்று படத்திடம் பதறியது கருவி.

"அதுமேலதான் நிக்கறோம்" என்றது படம், உற்சாகம் கொஞ்சமும் குறையாமல். "இரு, இப்போ ரெண்டாவது வண்டியும் வந்தாச்சு. கோட்டை இன்னும் தடிமனாக்கிடறேன்."