கதவுக்குக் கேட்ட ஆசி

கோழிக்கறி ஆலையின் கேட்டுக்கு எதிரே யுலைசி நிற்கிறாள். குடியேற்றப் போலீஸ் வேன் வந்து ஆலையில் அனுமதிக் காகிதமில்லாத ஆட்களைப் பிடிக்கிறது என்று மதியம் பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. உள்ளே வேலை பார்க்கும் அம்மா போனை எடுக்கவேயில்லை. அம்மாவிடம் ஆசி கேட்காமல் வெனிசுவேலாக்காரப் பிள்ளை வாசல் தாண்டாது. இன்று காலை சண்டையில் இவள் கேட்காமலே கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டாள். சங்கு ஊதுகிறது. சாய்ந்த வெயிலில் ரப்பர் பூட்சுகள் சரக் சரக்கென்று வெளியே வருகின்றன. எல்லார் தலையிலும் ஒரே மாதிரி வலைத்தொப்பி, எந்த முகமும் அம்மா முகமாக இல்லை. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, தொப்பியைக் கழற்றி உதறியபடி அம்மா நோஹெமி வருகிறாள்.

"என்னடி இங்க? பள்ளிக்கூடத்த மூடிட்டாங்களா?"

"போன எடுக்க மாட்டியாம்மா? வேன் வந்துச்சாமே."

"வந்தவன் ஃப்ரீஸர் ரிப்பேர்காரன்டி. அது தெரியாம பாதிப் பேர் ஃப்ரீஸருக்குள்ளதான் ஒளிஞ்சோம். கதவத் திறந்து எங்களப் பாத்துட்டு அவன்தான் அலறினான்."

யுலைசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகின்றன. தலையைக் குனிகிறாள்.

"ஆசி குடும்மா. காலைக்கும் சேத்து."

இன்னும் சில்லென்றிருக்கும் உள்ளங்கை அவள் உச்சந்தலையில் படிகிறது.

"காலையிலயே குடுத்துட்டேன். கதவுக்குத்தான் கேட்டிருக்கும்."