இந்த வாரத்து நற்செயல்

சுவர்ச் செய்தித்தாளின் கீழ்ப்பாதியை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

வாராவாரம் அதை எழுதி மண்டபத்தில் ஒட்டுகிற ஜானகிக்கு ஆத்திரம் பொங்கியது. 

மேல்பாதி அப்படியே இருந்தது. குழாயில் இனிக் காலை ஆறு மணியிலிருந்து ஏழு வரைதான் தண்ணீர். பெண்களுக்குப் புதன்கிழமை தையல் வகுப்பு. வாலிபர் சங்கத்துப் பந்தாட்டக் குழு டுரியான் துங்காலில் ஜெயித்தது. இவற்றையெல்லாம் யாரும் தொடவில்லை.

போனது ‘இந்த வாரத்து நற்செயல்’ மட்டும்.

மூன்று ரப்பர் தோட்டத்து ஜனங்களை அரசாங்கம் பழைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து கிளப்பி, ஒரே முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். இளசுகள் முடங்கிப் போகாமலிருக்க வாலிபர் சங்கம் வைத்துக் கொடுத்தவர், அலோர் காஜா டவுனிலிருந்து வந்துபோகும் வெள்ளைக்கார அதிகாரி. வாரம் ஒரு நற்செயலைச் செய்தித்தாளில் போடச் சொன்னதும் அவர்தான். பெயர், இடம், நாள் மூன்றும் இருக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்கும் நல்லது செய்ய ஆசை வரும் என்றார்.

ஜானகிக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. பகலெல்லாம் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பத்தொன்பது வயது. மாரியம்மனுக்கு விளக்கேற்றாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். ஒருவர் செய்த நல்லதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதும் பாவம்தான் என்பது அவள் எண்ணம்.

தன் கண்ணால் பார்த்ததைத்தான் இந்த வாரச் செய்தியாக மூன்று தடவை அடித்து எழுதியிருந்தாள். நேற்று மாலை வழக்கம்போல, படிக்கத் தெரியாதவர்களுக்காக வரிவரியாக விரல் வைத்து உரக்கப் படித்தும் காட்டினாள். அந்த இடம் வந்தபோது பெண்கள் மூச்சுக் காட்டவில்லை. உருகிப்போய்விட்டார்கள் என்று அவள் நினைத்தாள்.

பத்து மணிக்கு அதிகாரி வருகிறார். அந்த மனிதரின் பெயர் அவர் கண்ணில் பட வேண்டும். ஒரு நல்லவனை இந்த வேலிக்குள் ஒருவராவது தட்டிக்கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அவளுக்குச் சேகரன் மேல்தான் சந்தேகம். பந்தாட்டக் குழுவின் தலைவன். தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டாள் என்று நேற்று முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தவன்.

மண்டபத்து வாசலில் பத்துப் பேர் பார்க்க அவனை நிறுத்திவைத்துக் கேட்டாள். கோவில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு என்றாள். பொறாமை பிடித்தவன் ஊருக்குத் தலைவனாக முடியாது என்றும் சொன்னாள்.

“பேப்பர்காரம்மாவுக்குக் கோபம் வந்திருச்சு, எல்லாம் ஓரமா நில்லுங்க லா” என்றான் சேகரன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

“அவன விடு, ஜானகி. நான்தான் கிழிச்சேன்.”

மீனம்மா. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள்.

ஜானகி அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நன்றிகெட்டத்தனம் என்றாள். உங்களுக்குச் செய்த உதவியைத்தானே எழுதினேன், அதைக் கிழிக்க எப்படி மனசு வந்தது என்றாள். எழுத்தே தெரியாத நீங்கள் சரியாக அந்த இடத்தை எப்படிக் கிழித்தீர்கள் என்றும் கேட்டாள்.

“நீ வெரல் வச்ச எடத்தப் பாத்து வச்சிக்கிட்டேன்” என்றாள் மீனம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நல்ல மனசுலதான் எழுதுன, தெரியும். ஆனா சாமிக்கண்ணு அண்ணன இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்க, தங்கச்சி.”

ஜானகி தான் எழுதியதை மனசுக்குள் திரும்பப் படித்துப் பார்த்தாள்.

அந்த நான்கு வரிகளும் அவளுக்கு மனப்பாடம். ‘வியாழக்கிழமை விடிகாலை, நமது கேட்டில், காவலர் சாமிக்கண்ணு, பிள்ளைத்தாய்ச்சியான மீனம்மாவின் பால் வாளிக்குள் ஒரு பிடி சோறு இருக்கக் கண்டும், மனமிரங்கி மூடியை மூடி அவரைப் போகவிட்டார்.’

பெயர், இடம், நாள். மூன்றும் இருந்தன.

கேட்டைத் தாண்டி ஒரு பருக்கைச் சோறு போகக் கூடாது என்ற சட்டம் அவளுக்குத் தெரியாதது அல்ல. இப்படிப்பட்ட ஒரு காரியத்தைப் படித்தால் கல்நெஞ்சும் கரைந்துவிடும், சட்டம் போட்டவர்களுக்கே வெட்கம் வந்துவிடும் என்று நம்பித்தான் எழுதினாள்.

இப்போது அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பசித்த வயிற்றுக்காரி ஒரு பிடி சோறு கொண்டுபோனால் குற்றம். அதைப் பார்த்து இரங்கினால் அதைவிடப் பெரிய குற்றம். இப்படிச் சட்டம் போட்டுவிட்டு, வாரம் ஒரு நற்செயல் எழுதிப் போடு என்றும் சொல்கிறார்கள்.

கேட்டில் ஜீப் சத்தம் கேட்டது.

அதிகாரி, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியோடு உள்ளே வந்தார். பின்னால் துப்பாக்கியும் கையுமாக, அவர்களை அழைத்துவந்த சாமிக்கண்ணு. அதிகாரிக்காகக் கிராணி ஒவ்வொரு செய்தியாக இங்கிலீஷில் படித்துச் சொன்னார். தண்ணீருக்குத் தலையாட்டினார் அதிகாரி. தையல் வகுப்புக்குச் சிரித்தார். பந்தாட்டத்துக்குக் கை தட்டினார்.

பிறகு கீழே இருந்த வெற்றுப் பலகையைக் காட்டி, நற்செயல் எங்கே என்று கேட்டார்.

ஜானகி அதுவரை பொய் சொன்னதில்லை. சாமிக்கண்ணுவின் பக்கம் திரும்பாமல், அதிகாரியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இந்த வாரம் இங்க யாரும் நல்லது செய்யலைங்க, ஐயா.”

கிராணி அதை மொழிபெயர்த்தார். அதிகாரி வருத்தத்தோடு தலையை அசைத்துவிட்டு, தமது குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.