இருபத்தெட்டு அங்குலம்

"தரையிலேர்ந்து இருபத்தெட்டு அங்குலம். பம்பர் ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

சின்னவர் சொல்லச் சொல்ல மெக்கானிக்கின் கை பரபரத்தது. எத்தனை நாளைக்குத்தான் ஆயில் மாற்றி, பஞ்சர் ஒட்டிக் காலத்தைத் தள்ளுவது? இதோ, முழுசாக ஒரு எஸ்.யூ.வி.! ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, அடிவயிறு முழுக்க இரும்புத் தகடு அடித்து, முன்னால் முரட்டு பம்பர் ஒன்று வைக்க வேண்டும்.

"மூணே நாள், சின்னவரே! சேறு, பாறை, பள்ளம் எதுல விட்டாலும் வண்டி துள்ளிக்கிட்டுப் போகும்!"

சின்னவர் போனதும், டீ கொண்டுவந்த மனைவி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"வயலுக்குப் போற வண்டிக்கு இவ்வளவு இரும்பா? சண்டைக்குப் போறாரா?"

"உனக்கு என்னடி தெரியும்? விவசாயம்னா சும்மாவா?"

"அது சரி, போன வாரம் பெரியவர் வண்டிக்கும் இதே இருபத்தெட்டுதானே சொன்னீங்க?"

மெக்கானிக் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

பெரியவர் சின்னவரின் கூடப்பிறந்த அண்ணன். அடுத்தடுத்த நிலம், நடுவே இருவருக்கும் ஒரே வண்டிப்பாதை. வரப்புத் தகராறில் அறுந்த பேச்சுக்கு இப்போது எட்டு வயது. போன வாரம்தான் பெரியவர் தன் பிக்கப் வண்டியின் பின்பக்கம் கனமான தகடு ஒன்று வைத்துக்கொண்டு போயிருந்தார். "கொக்கி, போல்ட்டு எதுவும் துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

"அண்ணன் முதுகுல கவசம் போட்டுட்டார். தம்பி இடிக்கிறதுக்குக் கொம்பு செய்யறார்" என்றாள் மனைவி. "உங்க கை பட்ட இரும்புல நாளைக்கு ஒரு மண்டை உடைஞ்சா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பீங்க?"

அன்றிலிருந்து மெக்கானிக்கின் தூக்கம் போயிற்று. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பம்பரை இரண்டு அங்குலம் இறக்கி வைத்துவிட்டார். தகட்டில் மோதாமல் அடியில் நுழைந்து தொலையட்டும்!

மூன்றாம் நாள் வந்த சின்னவர் வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து டேப்பை வைத்தார்.

"யோவ், இருபத்தாறுதான்யா இருக்கு!"

"கண்ணு கொஞ்சம் தப்பிடுச்சு..."

"அவிழ்த்து ஏத்து. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

ஏற்றினார். முடித்ததும் சின்னவர் லாரி டயரில் அறுத்த தடித்த ரப்பர் பட்டை ஒன்றை நீட்டினார்.

"இதையும் பம்பர் மேல வச்சு இறுக்கிடு. கீறல் விழக் கூடாது."

தடயம் தெரியக் கூடாதாம்! மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே பட்டையை இறுக்கினார்.

வெளியே காலையிலிருந்து விடாத மழை. சின்னவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார். மெக்கானிக்கும் மறுபக்கம் தொற்றிக்கொண்டார்.

"நீ எதுக்குய்யா?"

"பிரேக் பார்க்கணும் சின்னவரே!"

வண்டி பறந்தது. பள்ளம் வந்தால் பள்ளம், பாறை வந்தால் பாறை. அடித்தகட்டில் கற்கள் தாளம் போட்டன. இவ்வளவு பயத்திலும் மெக்கானிக்கின் மனசு உள்ளுக்குள் 'அடடா, என் கையா இது!' என்று கூத்தாடியது.

வாய்க்கால் மேட்டில் திரும்பியதும் கூத்து நின்றது.

முன்னால் பெரியவரின் பிக்கப். தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் பாதியில் நின்றது. பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்றது. வண்டி அங்குலம் அங்குலமாக வாய்க்கால் பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

சின்னவரின் கண் பளபளத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"ஐயையோ, வேண்டாங்க! கூடப்பிறந்த அண்ணன்!" மெக்கானிக் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தார்.

"கைய எடுய்யா!" சின்னவர் தட்டிவிட்டார்.

மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தால், ரப்பர் போய்த் தகட்டில் பூப்போல ஒட்டியிருந்தது. பிறகு எஞ்சின் உறுமியது. நான்கு சக்கரமும் சேற்றை வாரி இறைத்தன. சரிந்த பிக்கப் நிமிர்ந்தது, நகர்ந்தது, ஒரே மூச்சில் மேட்டில் ஏறியது!

"ஏறிடுச்சு! ஏறிடுச்சு!" மெக்கானிக் சீட்டிலேயே குதித்தார்.

பெரியவர் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிக்கப் போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க இது, ஒரு கையாவது ஆட்டக் கூடாதா? கயிறு கட்டி இழுத்திருந்தா முகத்தையாவது பார்த்திருக்கலாம்."

"கயிறு கட்டணும்னா ரெண்டு பேரும் இறங்கணும். இறங்கினா பேசணும். பேசினா வரப்பு வந்துடும்." சின்னவர் வைப்பரைப் போட்டார். "போன மழைக்காலத்துல இதே மேட்டுல பழைய பம்பரால தள்ளினேன். மட்டம் ஒத்து வரல. என் லைட்டு ரெண்டும் உடைஞ்சுது. அப்பவும் அவர் இப்படித்தான் போனார்."

"அப்புறமும் ஏங்க இவ்வளவு செலவு பண்ணி...?"

"போன வாரம் பால் டிப்போ வாசல்ல அவர் வண்டி நின்னுச்சு. பின்னால புதுசா ஒரு தகடு. மொழுமொழுன்னு, ஒரு போல்ட்டு கூடத் துருத்தல. சரியா என் லைட்டுக்கு நடுவுல படற மாதிரி. ஆள் இல்லாத நேரமாப் பார்த்து அளந்தேன், இருபத்தெட்டு அங்குலம்."

சின்னவர் மேட்டில் ஏறிப்போன பிக்கப்பையே பார்த்தார்.

"எட்டு வருஷம் கழிச்சு எங்கண்ணன் என்கிட்ட பேசிட்டாருய்யா!"