கை நிறைய முடி

தங்கப்பழம் வாந்தி எடுக்க எடுக்க, அவனுக்கு வயிறு எரிந்தது.

பக்கத்துக் கட்டில்காரர். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இருவருக்கும் உணவுக்குழாயில் புற்று, நன்றாக முற்றிவிட்டது. எச்சில்கூட இறங்காது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் கஞ்சி.

எல்லா மருந்தும் கைவிட்டபின் இந்தப் புது மருந்துச் சோதனை. சிலருக்கு மருந்து ஏறும், சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். பைகள் எல்லாம் ஒரே மாதிரி தொங்கும்.

டாக்டருக்குத் தெரியாவிட்டால் என்ன, வார்டுக்குத் தெரியும். முடி கொட்டினால் மருந்து. கொட்டாவிட்டால் தண்ணீர்.

தங்கப்பழத்தின் தலை வழுவழுவென்று இருந்தது. புருவம்கூட இல்லை.

அவனுக்கோ காடு மாதிரி முடி. முதலில் தினமும் காலையில் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வலித்தது. வரவில்லை. பிறகு பயந்துபோய் இழுப்பதையே விட்டுவிட்டான். சீப்பைக்கூடத் தொடுவதில்லை.

லாரி ஓட்டியவன். சாவு அவனுக்குப் புதிதில்லை. ஆனால் வெறும் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, ஏமாந்து சாவதா?

தங்கப்பழம் வாயைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். பாவம் பார்க்கும் சிரிப்பு.

அது போதுமாக இருந்தது.

தன் மருந்துப் பை தொங்கிய கம்பியையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தான். தங்கப்பழத்தின் கையில் ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பிடித்து ஒரே இழுப்பு. ஊசி சதையைக் கிழித்துக்கொண்டு வந்தது. ரத்தம் சுவரில் தெறித்தது.

குரல்வளையைப் பிடித்தான். எங்கே வலிக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? கட்டைவிரலை அங்கேயே வைத்து அழுத்தினான்.

தங்கப்பழத்தின் கண்கள் பிதுங்கின. அவருடைய கை காற்றில் துழாவி அவன் தலையைப் பற்றியது. அவன் விடவில்லை. முழங்காலை நெஞ்சில் ஏற்றினான். பிடுங்கிய குழாயிலிருந்து மருந்து தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது.

வராந்தாவில் செருப்புச் சத்தம்.

அவன் கை தளர்ந்தது. மூச்சிரைக்கத் தன் கட்டிலில் போய் விழுந்தான்.

இனி அவ்வளவுதான். அடிதடி என்றால் சோதனையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரும் கிடையாது.

சிஸ்டர் ரத்தத்தைப் பார்த்து அலறினாள்.

தங்கப்பழம் வெகுநேரம் இருமினார். பிறகுதான் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நாந்தான் பெரண்டு படுத்தேன். ஊசி உருவிட்டு."

சிஸ்டர் திட்டிக்கொண்டே காயத்தைக் கட்டினாள். கொட்டினது கொட்டினதுதான், இந்தத் தடவைக்கு அவருக்கு வேறு பை கிடையாது என்று சொல்லிவிட்டு, துடைக்க ஆள் கூப்பிடப் போனாள்.

அவள் போனதும் தங்கப்பழம் மற்றொரு கையை அவன் பக்கம் நீட்டினார். இறுகியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

கை நிறையக் கறுத்த முடி.

அவன் தன் தலையைத் தடவினான். உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று இருந்தது.

வலிக்கவே இல்லை.

தரையில் தங்கப்பழத்தின் மருந்து அவன் கட்டில்வரை ஓடி வந்திருந்தது.